பூஜ்யம் புள்ளி எட்டு

முதல் நாளே பொம்மையைக் கொன்றுவிட்டேன்.

எட்டுக் கிலோ, பத்து மாதம், பெயர் உப்பிலி.
முந்தைய பேட்ச் வைத்த பெயராம்.
எத்தனையோ கட்டைவிரல் அழுத்தி
நடுநெஞ்சில் ரப்பர் வெளுத்திருந்தது.
"இதயம் நின்றுவிட்டது. மருந்து" என்றாள் மெஹராஜ்.
இருபத்திரண்டு வருடம் பெரியவர் வார்டில்
கை போன போக்கில் ஊசி ஏற்றியவள் நான்.
எட்டு மில்லி இழுத்தேன்.

சத்தம் போடவில்லை அவள்.
கூத்தாநல்லூர்க்காரி, என் மூத்தவளைவிட
நாலு வயது கூடுதல் இருந்தால் அதிகம்.
சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து
"அக்கா, புள்ளி எங்கே?" என்றாள்.

கும்பகோணத்தில், ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஒரு ஹால்.
பதினோரு பேர். மூன்று ஃபேனில் ஒன்று சுற்றும்.
பதினைந்து அழுத்து, இரண்டு மூச்சு.
ஆம்பு பலூனை முழுக்கையால் பிதுக்காதே,
நெஞ்சு லேசாக எழும்பினால் போதும்,
பிள்ளை நுரையீரல் லாரி டியூப் இல்லை.
நகத்தை அழுத்தி விடு.
அரசலாற்று ஈரமணலில் கால் வைத்தால்
சுற்றிலும் வெளுத்து மறுபடி கறுக்குமே, அப்படி
இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.
திரும்பாவிட்டால்?
"ஓடணும்" என்றேன்.
"ஓடாதீங்க. கூப்பிடுங்க" என்றாள்.

மத்தியானம் மலர்க்கொடி
தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.
எழுந்துபோய்ப் பொம்மையின் கண்ணை
மூடிவிட்டு வந்தாள்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

சுவாமிமலை பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம்
பெருக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்:
ஆறு கிலோ, பூஜ்யம் புள்ளி ஆறு.
பதினான்கு கிலோ, ஒன்று புள்ளி நான்கு.
வழியில் ஒரு கடைப்பலகை, பெயிண்ட் உதிர்ந்து
புள்ளியெல்லாம் போய்
மெடிககலஸ என்று நின்றது.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் மிஞ்சும்,
எடுத்தால் உயிர் வந்துவிடும்
என்று மூன்றாம் வகுப்பில் படித்தது.
எங்கள் வேலையில் நேர்மாறு.

கல்லணை திறந்த ஆறாம் நாள்
நாச்சியார்கோவில் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்தது.
இரண்டு வயது. வாய்க்காலில் புதுத்தண்ணீர்.
அரைஞாண் கயிற்றில் பாசி.
ரப்பரைவிடக் குளிர்ந்திருந்தது உடம்பு.
அதை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

பக்கத்தில் நாடாவை நீட்டிப் பார்த்து
"பதினொரு கிலோ" என்றாள் மலர்க்கொடி.
டாக்டர் அளவு சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன்.
அவள் திருப்பிச் சொன்னாள்.
ஒன்று புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி ஒன்று.
கை நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
நடுங்கியது. கோட்டில் வந்து நின்றது.
பதினைந்து, மூச்சு, மூச்சு.
பதினைந்து, மூச்சு, மூச்சு.
நாலாவது சுற்றிலா ஐந்தாவதிலா தெரியாது,
தொடை இடுக்கில் என் விரலுக்கடியில்
என்னுடையதல்லாத ஒரு துடிப்பு.
முதலில் என்னுடையதென்றே நினைத்தேன்.

மூன்றாம் நாளும் குழாய் எடுக்கவில்லை.
எடுப்போமா என்று தெரியவுமில்லை.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண்
இன்னும் அதே ஈரம் காய்ந்த புடவையில்.
"அன்னிக்கு உள்ளே ஆளாளுக்குப்
புள்ளி புள்ளின்னு சொன்னீங்களே, என்ன சிஸ்டர் அது?"
"மருந்து அளவும்மா."
"பொட்டுன்னு நெனச்சேன்."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
கன்னத்தில் பிளாஸ்திரி, நெற்றியில் ஒயர்.
"உள்ளங்கால்லயாவது
மை வைக்கலாமா?"

விதிகளில் அதற்குப் பதில் இல்லை.
உள்ளே போய் நகத்தை அழுத்தி விட்டேன்.
ஒன்று. இரண்டுக்குள் சிவந்தது.

முழங்கை வரை கை கழுவிவிட்டு
வரச் சொன்னேன்.