ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு

செக்காலை ரோட்டுக் கடையில்
ஐம்பது ஆம்பியர் சார்ஜரைத்
தடவிக்கொண்டே இருக்கிறார் வயிரவன்.
"ரெண்டே மணி நேரத்துல ஏறிடும் ஆச்சி."

நான் ஆச்சி இல்லை. முப்பத்து நாலு வயது.
காரைக்குடியில் மெஸ் நடத்துகிறவள் எவளும்
ஆச்சிதான்.

கோட்டையூர்க் கட்டடத்தில் வயர்
இன்னும் மரப்பட்டைக்குள் ஓடுகிறது.
கிரைண்டரும் மோட்டாரும் சேர்ந்தாலே
டியூப்லைட் கண்ணைச் சுருக்கும்.

பழைய சார்ஜர் சும்மா கிடக்கிறதே என்றேன்.
அது ஆசிட் பேட்டரிக்குப் பழகியது;
அறுபத்திரண்டு வோல்ட் வரை ஏற்றும்.
நிறைந்த பின்னும் விடாது,
போதும் என்று இலையை மறைத்த
கையின் மேலேயே சாம்பார் ஊற்றுகிற
என் கொழுந்தன் மாதிரி.

இது லிதியம். பதினாறு செல்.
ஐம்பத்தெட்டு புள்ளி நான்கில்
நிற்கத் தெரிய வேண்டும்.
நின்றபின் கரண்டியை
எடுத்துக்கொண்டு போகவும் தெரிய வேண்டும்.

இருபது ஆம்பியர் எடுத்தேன்.
வயிரவன் முகம் வாடியது
எண்ணூறு ரூபாய் அளவுக்கு.

கடைசி மேசையைத் துடைத்துவிட்டுச் செருகினேன்.
சிவப்பு. சின்ன ஃபேன், விடாத இரைச்சல்.

இட்லிக்கு எழுந்தபோது பச்சை.
இரைச்சல் இல்லை.

கொழுந்தன் குனிந்து
காதை வைத்துப் பார்த்தான்:
"நின்னு போச்சே அண்ணி,
ரிப்பேரா?"