மழைமேல் போட்ட பழி

வால்டிவியாவில் ஆகஸ்ட்.
பட்டறைத் தகரத்தின்மேல் நாலாம் நாளாக
ஒரே மழை, ஒரே பேச்சு.
உவாய்க்கில் ஜன்னல் சட்டத்தைத் தூக்கிவந்து
என் மேசையில் வைத்தான்.
"ஒத்திலியா, மூலை வாய் பிளக்குது.
நகத்தை விட்டுப் பார்."

விட்டேன். போனது.

மைட்டர் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.
தலையைக் கீழே இறக்கி,
பல்லில் படாமல் தகட்டின் வயிற்றோடு
மூலைமட்டத்தை அணைத்து
பின்னால் டார்ச் அடித்தேன்.
ஒளி கசியவில்லை.
தொண்ணூறு என்றால் தொண்ணூறு.
"ரம்பம் சரி," என்றேன்.
"மரம் ஈரம். மழை."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இருபக்கமும் இழைத்த அகலமான மாஞ்ஞியோப் பலகை ஒன்றைத்
தடுப்போடு ஒட்டி
குறுக்கே அறுத்தான்.
இடது துண்டு கிடந்தபடி கிடக்க
வலது துண்டை மட்டும் குப்புறப் புரட்டி
இரண்டையும் முகத்தோடு முகம் தள்ளினான்.

நடுவில் ஒரு நீண்ட ஆப்பு போல
வெளிச்சம்.

இந்தச் சோதனையில் தயவு கிடையாது.
நேராக அறுத்திருந்தால் பலகை மூடிக்கொள்ளும்.
கோணலாக இருந்தால்
கோணலை இரண்டால் பெருக்கிக் காட்டும்.

மறுபடி மட்டத்தை வைத்தேன். கசியவில்லை.
மறுபடி அறுத்தேன். கசிந்தது.
வேலிக்கு ஓணான் சாட்சி.
ஓணானை யார் விசாரித்தது?

ஒட்டுப்பலகையின் நேர்விளிம்பில்
மட்டத்தை வைத்துக் கத்தியால் ஒரு கீறல்.
மட்டத்தைப் புரட்டி
அதே புள்ளியிலிருந்து இன்னொரு கீறல்.
அடியில் ஒரே கோடு.
மேலே போகப் போக
மடித்த பஸ் சீட்டின் தடிமனுக்கு
இரண்டு.

கொர்ரால் படகுத்துறை.
பையிலிருந்து நழுவிக் கான்கிரீட்டில்
ணங்கென்று ஒரு சத்தம்.
துடைத்தேன். முத்தமிட்டேன். உள்ளே போட்டேன்.
ஆறு வருஷம்.

நியெப்லாவில் கூமெர்சிந்தா ஓயார்சோவின்
சமையலறை ஜன்னல்
தோளால் இடித்தால்தான் சாத்தும்.
"மரம் உப்பிவிட்டது அம்மா, மழைதான்"
என்று சொல்லி
அவள் கொடுத்த ஆப்பிள் பணியாரத்தையும் தின்றுவிட்டு வந்தவள் நான்.
நம்பினாள்.
எல்லாரும் நம்பினார்கள்.
இந்த ஊரில் மழைக்காக
வாதாட ஆளில்லை.

மட்டத்தின் மூலையில் ஆணிமுனை வைத்து
ஓர் அடி கொடுத்தால் நிமிரும் என்றான் உவாய்க்கில்.
"கொடு, ஆனால் இன்றைக்கு வேண்டாம்."
தடுப்பின் நாலு திருகையும் தளர்த்தி
சுத்தியல் பிடியால் தட்டினேன்.
அறு, புரட்டு, சேர், பார்.
கொஞ்சம் அதிகம்.
அறு, புரட்டு.
இப்போது மறுபக்கம் கசிந்தது.
மாஞ்ஞியோ மஞ்சளாய் என் சட்டைக்குள் இறங்கியது.
பலகை குட்டையாகிக்கொண்டே வந்தது.
எட்டாவது தடவை
துண்டுகள் சேர்ந்த இடத்தை
விரலால் தேட வேண்டியிருந்தது.
திருகுகளை எதிரெதிர் மூலையாக இறுக்கி
இன்னொரு முறை அறுத்தேன்,
இறுக்கும்போது நகர்ந்திருக்குமோ என்று.
நகரவில்லை.

உவாய்க்கில் மாத்தே ஊற்றி நீட்டினான்.
கெட்டில் நீர் ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

பிறகு கணக்கு நோட்டை எடுத்தேன்.
நாற்பத்தோரு வீடு.
புகார் வந்த இடங்களில்
காரணம் என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில்: மழை, மழை,
ஒன்பது தடவை மழை.

முதல் மழையை அடிக்க
பேனாவைத் திறந்ததும்
இடது கை பழக்கத்தில்
மூலைமட்டத்தை நோக்கிப் போனது.
பாதியில் நிறுத்திவிட்டு
வெறுங்கையால் இழுத்தேன்.

கோடு கொஞ்சம் வளைந்தது.
கூமெர்சிந்தா நாளைக்குக் காலை வீட்டில் இருப்பாளாம்.