துப்பட்டிக் கணக்கு

திங்கட்கிழமை மாதவரத்தில் ஏறினேன்.
ஆரம்பாக்கம் தாண்டியதும்
கடைப் பலகைகளின் எழுத்து உருண்டுகொண்டது.
அலுவலகத்தில் எனக்குப் பெயர் அனலிஸ்ட்.
தடாவில் சானிட்டரி இன்ஸ்பெக்டரா என்றார்கள்,
வருமான வரியா என்றார்கள்,
ஒருவர் மட்டும் தணிந்த குரலில்
மாப்பிள்ளை விசாரிக்க வந்தீங்களாம்மா என்றார்.

முனிரத்தினம் நாயுடுவுக்கு
இறால் குட்டை இருந்த நிலத்தில்
அறுபத்து நான்கு அறை வேண்டும்.
ஃபேக்டரிக்கு வரும் கொரியாக்காரர்கள்
எங்கே தூங்குவார்கள் என்பது அவர் கேள்வி.
எத்தனை பேர் என்பது பேங்கின் கேள்வி.
நடுவில் நான், பிளாஸ்டிக் ஃபைலோடு.

ஓட்டல்கள் உண்மை சொல்வதில்லை.
வரியை நினைத்தால் குறையும்,
என்னைப் பார்த்தால் கூடும்.
"எப்பவும் ஃபுல்லும்மா" என்ற மேனேஜரின்
முதுகுக்குப் பின்னால்
ஆணி தவறாமல் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே ராத்திரி பத்து மணிக்கு
ஹைவேக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து
எரிகிற ஜன்னல்களை எண்ணினேன்.
பன்னிரண்டு.
லாரி குறுக்கே போனது. மறுபடி முதலிலிருந்து.
பதினொன்று. யாரோ தூங்கிவிட்டார்.
பாத்ரூம் விளக்கு ஓர் ஆளா?
விளக்கணைத்து டிவி பார்க்கிறவர்
நீலமாகக் கணக்கில் வருவாரா?

என் ஓட்டலின் நைட் ரிசப்ஷன் பெஞ்சலய்யா
இரண்டாம் நாள் சொன்னார்:
"ஜன்னல் பொய் சொல்லும் மேடம்,
துப்பட்டி சொல்லாது.
மஸ்தானம்மாவைப் பாருங்க."

ஊரின் ஏழு லாட்ஜும்
மஸ்தானம்மாவின் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.
ஓரத்தில் நூல் அடையாளம்:
சிவப்பு நான் தங்கிய இடம்,
பச்சை டோல்கேட் பக்கத்துக்காரன்,
ரெட்டைக் கறுப்பு பாக்கி வைத்திருப்பவன்.
மகனின் கணக்கு நோட்டில் அவன் எழுதாமல் விட்ட
பக்கங்களில் பதினெட்டு மாதம்.
ராக்கெட் விடுகிற வாரம் எகிறுகிறது.
நம் பொங்கலுக்கும்
அவர்கள் ஊர் அறுவடைத் திருநாளுக்கும்
ஒரே மாதிரி படுத்துவிடுகிறது.
"சனிக்கிழமைத் துப்பட்டி வேற மாதிரி"
என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பைப் போட என்னிடம் கட்டமில்லை.
புதன் முழுக்கக் கூட்டி வகுத்ததில்
நூற்றுக்கு நாற்பத்தேழு.

சௌரிராஜன் சார் போனில்:
"அறுபத்திரண்டுக்குக் கீழே லோன் கிடையாதும்மா."
"துப்பட்டி சார்..."
"ஆதாரம்னு அதையா போடப் போறே?"

இரண்டு விசைதான்.
தட்டிப் பார்த்தேன்.
பத்து வருஷமும் தானாக நிமிர்ந்தது.
லிஃப்ட் வந்தது, விருந்து ஹால் வந்தது,
இறால் செத்த அதே இடத்தில்
நீச்சல் குளம் வந்தது.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
பழையபடி மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை நாயுடு ஏரிக்கு அழைத்துப் போனார்.
"இதையும் எழுதுங்க, வியூ."
தண்ணீர் விளிம்பில் பூநாரைகள், ஒற்றைக் காலில்.
காலை எண்ணி இரண்டால் வகுக்கவும் வழியில்லை.
பைனாகுலரோடு நின்ற வனத்துறைப் பையனிடம்
எத்தனை என்றேன்.
"பேசாதீங்கக்கா" என்றான், உதடு அசைய,
"விட்டா மறுபடி முதல்லேர்ந்து."

திரும்பும்போது காரில் சொன்னேன், நாற்பத்தேழு என்று.
அவர் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினார்.
"குட்டையில நோய் வரும்னு
இப்படித்தான் ஒரு பொண்ணு வந்து சொல்லிச்சு.
சின்னப் பொண்ணுன்னு விட்டுட்டேன்."
அப்புறம் டோல்கேட் வரை
காற்று மட்டும் பேசியது.

சனிக்கிழமை காலை சாவியைக் கொடுத்தபோது
வராந்தாவில் சலவை மூட்டை கட்டியிருந்தது.
மேலே, காபிக் கறையோடு, சிவப்பு நூல்: என்னுடையது.
ஐந்து ராத்திரி. ஒரு துப்பட்டி.
மாற்றச் சொல்ல மறந்திருக்கிறேன்.
யாரும் கேட்கவும் இல்லை.
மஸ்தானம்மாவின் நோட்டில்
நான்கு ராத்திரி நான் தடாவில் இல்லை.

பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்தேன்.
ஆரம்பாக்கம் வருவதற்குள் மூடினேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்,
கடைசி சீட் வரைக்கும் ஃபுல்லா என்று.
எழுந்து நின்று
எண்ண ஆரம்பித்தேன்.