நான்காவது பூச்சு

வரிசை எண் வேண்டும் என்றாள் லாவெர்ன் கிட்வெல்.
எண் தெரியாத எந்திரத்தை
அமெரிக்க அரசாங்கத்தால் தூக்கி எறியக்கூட முடியாதாம்.

மினா அப்துல்லாவில் தகரக் கூரைக்குக் கீழே எங்கள் பட்டறை.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி, உள்ளே யாரும் அளந்ததில்லை.
முகாமின் பம்புகளுக்குப் புஷ் கடைந்து கொடுக்கிறேன்,
மாதம் நூற்று அறுபது தினார், சாப்பாடு தனி.
என் லேத்துக்கு முதலாளியைவிட வயது,
இந்த நாட்டின் கொடியைவிட வயது.

தின்னரில் துணியை நனைத்து
சுரண்டுகத்தியை எடுத்தேன்.

மேலே மணல் நிறம்.
தொண்ணூற்றொன்றில் இந்தச் சாலையில் போனதெல்லாம்
அந்த நிறம்தான் என்பான் வெல்டர் குல்நவாஸ்.
இரண்டாயிரத்து மூன்றிலும் அதே நிறம்,
டப்பா மட்டும் புதுசு.

அதன் கீழே ஆரஞ்சு.
எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவர்களோடு
கப்பலில் வந்திருக்க வேண்டும்.

அதன் கீழே பாசிப்பச்சை. எங்கேயோ காடு, எங்கேயோ சேறு.
யார் யாருக்கு விற்றார்கள்,
யாரிடமிருந்து யார் பிடுங்கினார்கள் என்பது
பூச்சுக்குத் தெரியாது.

நான்காவது சாம்பல்.
அது உரியவில்லை. நகத்தால் கிள்ளினேன்.
பித்தளைத் தகடு ஒன்று
மெல்ல மூச்சு விட்டது:
ஒஹாயோவில் ஒரு ஊர்.
1943.
போர் உற்பத்தி வாரியத்தின் ஆணைப்படி.

கிட்வெல் கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள்,
மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள்.
எண்ணைக் குறிக்கவில்லை.
"என் ஊர்" என்றாள்.

முதலில் அங்கே கலப்பைக் கொழு வார்த்தார்களாம்.
ஒரு போர் வந்து கொழு குண்டு உறையானது.
முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டி, வெள்ளை வெள்ளையாக,
ஊரெல்லாம் புதுவீடு, ஞாயிறுதோறும் கோழி.
இன்னொரு போருக்கு டாங்கிச் சங்கிலி.
அவள் அப்பா மூன்றாம் ஷிப்ட்.
"சமாதானம் என்று ரேடியோ சொன்னால்
அம்மா மளிகைப் பட்டியலில் இரண்டு வரி அடிப்பாள்."
பிறகு ஒருநாள் வாயிற்கதவில் பூட்டு.
யாரும் குண்டு போடாமலே
கூரை விழுந்துவிட்டதாம்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை
என்பார்கள் எங்கள் பக்கம்.
ஆலை மூடிய ஊருக்கு எது சர்க்கரை என்று
கேட்கத் தோன்றியது. என் ஆங்கிலத்தில்
இலுப்பை இல்லை.

அவளும் வளைகுடாவுக்குப் பிழைக்க வந்தவள்தான்.
ஆனாலும் சமம் என்று சொல்லமாட்டேன்.
அவளுக்குக் குளிரூட்டிய தனி அறை, ஊர் திரும்பத் தேதி.
எங்கள் அறையில் பதினான்கு கட்டில்,
பாஸ்போர்ட் முதலாளியின் மேசையறையில்.

"ஓடுமா?"
சுவிட்சைப் போட்டேன்.
எண்பது வருடம் ஒருமுறை இருமிவிட்டு
சீராகச் சுழன்றது.
உளி தொட்டதும் எஃகு சுருள் சுருளாகக் கழன்று
நீலமாகி விழுந்தது,
உழுத மண் கொழுவோரம் புரள்வதுபோல.
அவள் குனிந்து ஒரு சுருளை எடுத்தாள்.
சுட்டது. கீழே போடவில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நல்ல நிலை. பழுது. கழிவு.
பேனா மூன்றாவதன் மேல் நின்றுகொண்டிருந்தது.
திங்கட்கிழமை என்பதால் முகாமில்
சோதனைச் சங்கு ஊதியது. சோதனைதான்,
எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குல்நவாஸ்
வெல்டிங்கை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான்.

முதல் கட்டத்தில் குறியிட்டுப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு முகாமிலிருந்து மின்னஞ்சல்:
எந்திரம் பணியில் தொடரட்டும்,
தகட்டை மறைக்காமல் புதுப்பூச்சு அடிக்கவும்.
டப்பா வாங்கக் காசும் வந்தாயிற்று.
எந்த நிறம் என்றுதான்
இன்னும் சொல்லவில்லை.