ஐந்தாவது குப்பி

புந்தா அரேனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
அன்றிரவு கயிறே கிறீச்சிட்டது.

எலெவுதேரியோ பர்ரியாவைக் கொண்டுவந்தபோது
மணி இரண்டு பத்து.
வயது எண்பத்தொன்று. நண்டுப் படகுக்காரர்.
நுரையீரலில் தொடங்கிய புற்று
கல்லீரலுக்கும் போயிருந்ததாகப் பழைய கோப்பு சொன்னது.
இதயம் எப்போது நின்றதென்று
யாரும் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டியது ஒன்றரைக்கு;
உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம்.

யாஸ்னா மார்பை அழுத்தினாள்.
மூன்றாவது அழுத்தத்தில் ஒரு விலா முறிந்தது.
அந்தச் சத்தம் பழகிவிட்டதாகச் சொல்பவர்களோடு
நான் காபி குடிப்பதில்லை.

திரையில் கோடு,
நகரத்துக்கு வெளியே மரமற்ற பம்பா
எப்படிக் கிடக்குமோ அப்படி.
மூச்சில் திரும்பி வரும் கரியமில வாயு: எட்டு.
இருபது நிமிடம் கழித்து: ஏழு.
நான்கு குப்பி அட்ரினலின்
போன இடம் தெரியவில்லை.

ஐந்தாவதன் கழுத்தை ஒடித்தேன்.
அப்போது தொலைபேசி.

மகன். நிபால்டோ.
நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீரில்.
துறைமுகத்தை மூடிவிட்டார்களாம்,
விடியாமல் படகு கிளம்பாது.
"நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க டாக்டர்.
வந்து பார்க்கிற வரைக்கும்."

விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.

எனக்கு ஒரு வழி தெரியும்.
எங்களில் எல்லோருக்கும் தெரியும்,
எங்கும் எழுதிவைப்பதில்லை.
மெதுவாக அழுத்துவது. ஆழமில்லாமல்.
ஒப்புக்குச் சப்பாணி ஆட்டம்:
கை போகும், பலம் போகாது.
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்காக.

ஆடியிருக்கிறேன்.
மூன்று வருஷம் முன்பு,
ஒரு கப்பல் சமையல்காரரின் மனைவிக்காக,
பதினேழு நிமிடம்.
அவள் என் கையை முத்தமிட்டு நன்றி சொன்னாள்.
அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல்
ஷிப்ட் முடியும்வரை
கையுறைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"டாக்டர்?"
யாஸ்னா. மூக்கு நுனியில் வியர்வைத் துளி.
மருந்தைக் கேட்கிறாளா, என்னையா?

நிபால்டோ கேட்டதிலும் அநியாயமில்லை.
அப்பாவின் உயிரை அவன் கேட்கவில்லை.
'இருக்கிறார்' என்ற ஒரு வினைச்சொல்லை
படகு வரும்வரை நீட்டித் தரச் சொன்னான்.
நீட்டலாம்.
இன்னும் நாலைந்து விலாக்கள் ஆகும்.
அடுத்த அறையில் இளைப்போடு ஒரு பையன் காத்திருந்தான்;
அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்,
அவனுக்கு வேறு டாக்டர் இருந்தார்.

"யாஸ்னா, போதும்."
நேரம் இரண்டு நாற்பத்தொன்று.

தொலைபேசியில் சொன்னேன்,
'முடிந்ததெல்லாம் செய்தோம்' என்பதைத் தவிர்த்து.
இங்கே வரும்போதே போயிருந்தார் என்றேன்.
நாங்கள் அழுத்தியது வலித்திருக்காது என்றேன்,
செத்துப் பார்த்தவள் மாதிரி.

அவன் பக்கம் காற்று.
என் பக்கமும் அதே காற்று,
இங்கே கடந்ததுதான்
சற்றுப் பிந்தி அவனிடம் போய்ச் சேரும்.

பிறகு கேட்டான்:
"ரேடியோவை அணைச்சாங்களா?"

தெரியாது என்றேன்.
அன்றிரவு நான் சொன்னதில்
சந்தேகமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது
வெட்டிய சட்டையின் இரண்டு பாதிகளையும்
பொத்தான் வரிசை பார்த்து
யாஸ்னா பொருத்திக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது குப்பி தட்டில் இருந்தது.
ஒடித்த கழுத்து ஒட்டாது.
உள்ளிருக்கும் ஒரு மில்லி
இனி யாருக்கும் ஆகாது.
வீணானவற்றுக்கு ஒரு படிவம் உண்டு:
உடைந்தது. காலாவதி. பிற.

'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
காரணம் எழுதக் கீழே
இடம் விட்டிருந்தார்கள்,
ஒரே ஒரு வரி.