ஒன்றரைச் சுற்று

மழை பிடித்தால் போன் வரும்.
"ஏசு, தொறந்துடு." அவ்வளவுதான்.
ராணிப்பேட்டை முழுக்க கரண்ட் போயிருக்கும்.
தோல் ஷாப்பின் பின்சுவரோரம்
முழங்கால் தண்ணீரில் நின்று
இடப்பக்கமாய் ஒன்றரைச் சுற்று.
சக்கரம் முதலில் முரண்டும், அப்புறம் இளகும்.
நீலமும் பச்சையுமாய்க் குரோம் தண்ணி
மழையோடு மழையாய் ஓடையில் இறங்கும்.
ராத்திரிக்கு இருநூறு ரூபாய்.
பதினோரு வருஷம்.
என் மகள் நர்சிங் படித்தது அதில்தான்.

ஞாயிறு தோறும் பாவ அறிக்கை சொன்னேன்.
'நாங்கள்' என்று சொல்ல வேண்டும் அதில்.
முந்நூறு பேர் சேர்ந்து சொல்லும் நாங்களுக்குள்
ஒரு நான் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம்!
சொல்லி முடித்து உட்கார்ந்தால்
வேட்டி மடிப்புக்கூடக் கலைந்திருக்காது.

அந்த லெந்து காலத்தில் ஆயர் தேவநேசன்
கடலைப் பற்றிப் பிரசங்கித்தார்.
நம் அக்கிரமத்தையெல்லாம் கர்த்தர்
ஆழத்தில் எறிந்துவிட்டாராம், இனித் தேட மாட்டாராம்.
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நான் பாலாற்றை நினைத்தேன்.
என்னுடையது கடலுக்குப் போகவில்லை ஐயா.
பாலத்துக்குக் கீழே தண்ணியும் இல்லை, மணலும் இல்லை,
அந்த ஆறு எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்?
ஓடைக்கரை தாண்டி, மண்ணுக்குள் இறங்கி
ஒரு அம்மாவின் கிணற்றில் ஊறிக்கொண்டிருக்கிறது.

வெஸ்ட்ரியில் தனியாகச் சொன்னபோது
ஆயர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.
"மனந்திரும்பு, போதும்.
சிலுவையிலேயே கட்டி முடித்தாயிற்று."
"கட்டினது என் கடன் ஐயா.
கிணறு அந்தம்மாவோடது."
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
தலையில் கை வைத்து ஜெபித்தார். கை நடுங்கியது.
அன்று நான் நம்பியது அந்த நடுக்கத்தைத்தான்.

திரும்பு என்கிறார்கள்.
எனக்குக் கைவந்தது திருப்புவது.
வலப்பக்கமாய் ஒன்றரைச் சுற்று, இறுக்கி,
சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.
மூடியது வால்வு மட்டும்தான்.
திரும்பியவன்
எதைத் திருப்பித் தருவான்?

முனிரத்தினம்மாள் வீடு ஓடைக்குத் தெற்கே.
குலை தள்ளாத பதினேழு தென்னை.
மாடு முகர்ந்து பார்த்து
முகத்தைத் தூக்கிக்கொள்ளும் தொட்டி.
நின்றபடியே சொன்னேன்:
வருஷம், கூலி, ராத்திரி, சுற்று.
எத்தனை ராத்திரி என்று கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
அடித்திருந்தால் சுலபமாய் இருந்திருக்கும்.
அவர் கயிற்றை விட்டு ஒரு வாளி இறைத்தார்,
சொம்பில் மொண்டு நீட்டினார்.
"குடி."

திருவிருந்தில் எத்தனையோ தரம்
கிண்ணத்தில் வாய் வைத்திருக்கிறேன்,
ஒருநாளும் பயந்ததில்லை.
இது மஞ்சளாய் இருந்தது.
முதலில் கரித்தது, பிறகு கசந்தது, பிறகு தகரம்.
பாதிதான் இறங்கியது.
மீதியை வாங்கி என் காலடியில் ஊற்றினார்.
"பேரு என்னா?"
"ஏசுபாதம்."
அவர் சிரிக்கவில்லை. அதில் அர்த்தம் தேட
எனக்கும் மனசில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை,
இன்றுவரை இல்லை.
"கேன் தண்ணிக்காரன் ரோட்டுலயே எறக்கிட்டுப் பூட்றான்,
எனக்கு இடுப்பு முடியல" என்றார்,
பக்கத்தில் யாரோ இருப்பதுபோல.

செவ்வாயும் சனியும் தூக்குகிறேன்,
இருபது லிட்டர், தோளில், வரப்பு வழியே.
இதில் கடன் தீராது. எனக்குக் கணக்குத் தெரியும்.
தீர்க்க வேண்டியதை ஒருவர் தீர்த்துவிட்டார்,
அந்தத் தைரியத்தில்தான் தூக்கவே முடிகிறது.
கிணறு இன்னும் மஞ்சள்தான்.

நேற்று ராத்திரி மழை பிடித்தது.
பதினோரு மணிக்குத் தானாக விழிப்பு.
போன் அடிக்கவில்லை.
வேறு ஒருவனுக்கு அடித்திருக்கும்.
அவன் வீடு எனக்குத் தெரியும்.
எழுந்து
இருட்டில் டார்ச்சைத் தடவினேன்.