உபயம்

வில்லாபுரம் அறக்கட்டளைக்கு
ரசீது எழுதுவது நான்.

முதல் வருடம் பதினோரு பேர்,
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்,
முந்நூற்று நாற்பது ரூபாய்.
இப்போது பான் கார்டு உண்டு, ஆடிட்டர் உண்டு,
அவர் கேள்விக்கு முழிக்கிற பொருளாளரும் உண்டு.

பள்ளிக்கூட பெஞ்சில் பெயர்.
தண்ணீர்த் தொட்டியில் அப்பா பெயர், அவர் அப்பா பெயர்.
படிப்பக மின்விசிறியின் மூன்று இறக்கையிலும்
வெல்லமண்டி தவசியாண்டி;
சுவிட்சைப் போட்டால் கலைந்துவிடுவார்.

போன சித்திரையில்
மகன் துபாயிலிருந்து வரும்வரை
மரியசெல்வி புருஷனைக் கிடத்த
குளிர்பெட்டி வாடகை ஆறாயிரம் ஆனது.
சொந்தமாய் ஒன்று வாங்கிவிடலாம் என்றோம்.

இட்லிக்கடை பேச்சி இருபது.
கமருன்னிஷா ஐந்நூறு:
"எங்களுக்குத் தேவப்படாது, இருந்தாலும் எழுதிக்க."
தவசியாண்டி முப்பதாயிரம்.
எண்ணி வைத்துவிட்டு
ஒவ்வொருவரும் என் காதருகே குனிந்தார்கள்:
"பெட்டியில மட்டும் எம் பேரப் போட்றாதப்பா."

பெயிண்டர் வந்தார்,
டீ குடித்தார், போனார்.

வெறும் வெள்ளையாய்
அவனியாபுரம் வரை போய்வருகிறது பெட்டி.
யார் உபயம் என்று கேட்டால் காட்ட
அடிக்கட்டைகளைக் கொண்டுபோகிறேன்,
நானூற்றுப் பன்னிரண்டு.

கேட்பதில்லை எவரும்.
அழுத முகத்தோடு
பிளக் பாயிண்ட் தேடுகிறார்கள்.